செம்போத்துக் கறி வேண்டாம்... செம்போத்தைப் பாருங்கள்!

ஆடி மாதம் முடிகிற சமயம். கிழக்குத் தாம்பரத்தில் உள்ள என் வைத்தியசாலைக்கு ஒரு பெரியவர் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 63. பத்து வருடமாகச் சர்க்கரை. கூடவே மனைவி. நாற்காலியில் உட்கார்ந்ததும் விடாமல் இருமினார். இருமல் அடங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"டாக்டர், நம்ம பக்கத்துல செம்போத்துக் கறி எங்க கெடைக்கும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்கு சார்?" என்றேன்.

"எங்க ஊர்ல சொல்வாங்க. நெஞ்சு இருமலுக்கு அதை ரசம் வச்சுக் குடிச்சா ஒரே வாரத்துல நிக்குமாம். நீங்க சித்த வைத்தியர், உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

"இருமல் எத்தனை நாளா?"

அவர் பதில் சொல்வதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார். "ஒரு மாசம் ஆச்சுங்க. சாயங்காலமானா உடம்பு கணகணன்னு சுடுது. ராத்திரி வேர்வையில பனியன் நனைஞ்சிடுது. சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு."

வாசகர்களே, இந்த நான்கு அறிகுறிகளையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் இளைப்பு. இதற்குக் கஷாயம் தேட வேண்டாம்; கறியும் தேட வேண்டாம். முதலில் சளிப் பரிசோதனை! சர்க்கரை நோயாளிகளுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் நாடி பார்த்தேன். ஆனால் மருந்து எழுதவில்லை. தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். சில நாட்களில் முடிவு வந்தது. காசநோய்தான்.

சானடோரியமும் சுத்தமான காற்றும்

'சானடோரியம்' என்பது நமக்கு ஒரு ரயில் நிலையத்தின் பெயர். அந்தப் பெயர் வந்த கதை பலருக்குத் தெரியாது. 1928ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பவர் இங்கே பச்சைமலை அடிவாரத்தில் காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கினார். இங்கிலாந்திலும் இப்படி ஒரு மருத்துவமனை நடத்தியவர் அவர். அந்தக் காலத்தில் காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததே 1940களில்தான். ஆகவே மரநிழல், திறந்த வெளிக் காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு இவையே மருந்து. 2005ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இதே சானடோரியத்தில்தான் அமைந்தது.

இன்று நிலைமை வேறு. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதக் கூட்டு மருந்து உண்டு. அரசு இலவசமாகவே தருகிறது. முறையாகச் சாப்பிட்டால் குணமாகும். சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன், அந்த மருந்துக்கு மாற்றாக எதையும் நம்பாதீர்கள். உணவு, பத்தியம், உடல் தேற்றுவது இவற்றில் எங்கள் உதவி இருக்கலாம். அதுவும் சிகிச்சை தரும் டாக்டருக்குத் தெரிந்தே இருக்க வேண்டும்.

அப்படியானால் செம்போத்து? உண்மையை மறைக்க விரும்பவில்லை. பாளையங்கோட்டையில் நான் படித்த காலத்தில் பதார்த்த குண சிந்தாமணி போன்ற நூல்களில் இறைச்சிகளின் குணங்களையும் படித்தோம். மருந்து இல்லாத காலத்து மனிதர்கள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். செம்போத்துக் கறி நெஞ்சு நோய்க்கு நல்லது என்பதும் அப்படி வந்த நம்பிக்கைதான். அந்தக் கறி காசநோய்க் கிருமியைக் கொல்லாது. போதாததற்கு, 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். மூட்டு வலிக்கு என்று விற்கிறார்களே மயில் எண்ணெய், அதுவும் இதே சட்டத்தில் வரும்.

பெரியவரைத் தனியாக அழைத்துச் சொன்னேன். "சார், செம்போத்து நம்ம காலனிப் பூங்காவுலயே இருக்கு. சாப்பிட வேண்டாம். பார்க்கலாம். முதல்ல மாத்திரையை ஆரம்பிங்க. டாக்டர் நடக்கலாம்னு சொன்னதும் நான் கூட்டிட்டுப் போறேன்."

ஒரே நோட்டு, இரண்டு கட்டம்

ஆறு மாதம் தினமும் மாத்திரை சாப்பிடுவது லேசான காரியமில்லை. முதல் மாதம் பயத்தில் சாப்பிடுவார்கள். இரண்டாவது மாதம் இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், எடை கூடும். அங்கேதான் ஆபத்து! "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடுவார்கள். உள்ளே மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டு, பிறகு அதே மருந்துக்கு அடங்காமல் போகும்.

இதற்கு நான் ஒரு வழி செய்தேன். அவரிடம் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் மாத்திரை சாப்பிட்டதற்கு ஒரு 'டிக்'. இரண்டாவது கட்டத்தில் அன்று பார்த்த பறவை. எதுவும் பார்க்காவிட்டால் 'காகம்' என்றாவது எழுத வேண்டும்!

பறவையை எண்ணி எழுதுவது நம் ஊருக்குப் புதிதல்ல. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937ல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. அதன் 365 ஏக்கர் வளாகத்தில் இன்றும் புதர்க்காடு இருக்கிறது. அங்கே புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி (1932 - 1988) சிந்து எழுத்துக்களை ஆராய்ந்தவர். வாசலில் போடும் கோலத்தைக்கூடக் கணக்காகப் பார்த்தவர். அவர் தாம்பரம் வட்டாரத்துப் பறவைகளையும் கவனித்து எழுதிவைத்தார். அந்தப் பழக்கத்தைத்தான் நான் மாத்திரையோடு சேர்த்துக் கட்டினேன்.

இனி, நம் முன்னோர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளின்படி அந்த நோட்டைப் புரட்டுவோம். பருவம் மாறும்போது பறவை மாறும். உடம்புக்குள் வாத, பித்த, கபமும் மாறும் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படைப் பாடம். ஒவ்வொரு குற்றமும் ஒரு பருவத்தில் சேரும், அடுத்ததில் மிகும், அதற்கடுத்ததில் அடங்கும்.

கார்காலம் (ஆவணி, புரட்டாசி)

ஆவணி முழுக்க அவர் வீட்டோடுதான் இருந்தார். ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும், இருமும்போது வாயை மூட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. "சிறுநீர் ஆரஞ்சு நிறமாப் போகுது டாக்டர்!" என்று ஒரு நாள் பதறிக்கொண்டு போன் செய்தார். அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், பயப்பட வேண்டியதில்லை. அந்த ஜன்னலிலிருந்தே மின்சாரக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த சின்னப் பறவைகளைப் பார்த்து எழுதியிருந்தார். அவை தகைவிலான் குருவிகள். வாலில் கத்தரி மாதிரிப் பிளவு இருக்கும். வடக்கே குளிர் தொடங்குமுன் இமயமலைப் பக்கமிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் நம் ஊருக்கு வந்துவிடும்.

புரட்டாசியில் டாக்டர் நடக்க அனுமதித்தார். முதல் நாள் பூங்காவில் ஒரே ஒரு சுற்று. வாகை மரத்தடியில் உதிர்ந்த இலைகளுக்கு நடுவே ஒரு குருவி நடந்துகொண்டிருந்தது. கொடிக்கால் வாலாட்டி! மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இதுவோ பக்கவாட்டில் ஆட்டும். அதைப் பார்ப்பதற்காகப் பெரியவர் பத்து நிமிடம் அசையாமல் நின்றார். வீட்டில் இரண்டு நிமிடம் சும்மா உட்கார முடியாதவர்!

காரில் வாதம் மிகும். மூட்டு வலி, வயிற்று உப்புசம் தலைகாட்டும். சூடான எளிய உணவு, சுக்கும் சீரகமும் கொதித்த வெந்நீர் போதும்.

கூதிர்காலம் (ஐப்பசி, கார்த்திகை)

அடைமழைக் காலம். ஏரிகள் நிறையும். இந்தச் சமயத்தில் சென்னை வீடுகளில் ஒரு விருந்தாளி திடீரென்று வந்து விழும். பச்சை முதுகு, இளம் மஞ்சள் மார்பு, வாலடியில் சிவப்பு என்று வண்ணக் கலவையாக இருக்கும் ஆறுமணிக்குருவி. காலையிலும் மாலையிலும் ஆறு மணிவாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். வடக்கிலிருந்து இரவில் பறந்து வந்து, களைத்துப்போய் கண்ணாடி ஜன்னலில் மோதி விழுவது உண்டு. அப்படிக் கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் சிறிது நேரம் வையுங்கள். பெரும்பாலும் தெளிந்து தானே பறந்துவிடும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்கோ, விலங்கு நல அமைப்புக்கோ தெரிவியுங்கள்.

எங்கள் பெரியவரின் நோட்டில் ஐப்பசிக் கடைசியில் ஒரு பக்கம் காலியாக இருந்தது. மூன்று நாள் மழை. பறவைக் கட்டமும் காலி. மாத்திரைக் கட்டமும் காலி!

"என்ன சார் இது?"

"மழைல வெளிய போகல டாக்டர். மாத்திரையும்... இருமலே இல்லையே. நாலு கிலோ ஏறியிருக்கேன். இன்னும் எதுக்குன்னு..."

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபப்பட்டால் நோட்டையும் மூடிவிடுவார். ஆகவே முதல் பக்கத்தைப் புரட்டி அவர் எழுதிய தகைவிலானைக் காட்டினேன்.

"இது இமயமலைப் பக்கம் கெளம்பின குருவி. நாக்பூர் வரைக்கும் நல்லாத்தானே வந்துட்டோம்னு அங்கயே நின்னுட்டா, தாம்பரத்துக்கு யார் சார் வருவா?"

அவர் சிரிக்கவில்லை. அந்த அம்மாதான் நோட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். "இனிமே டிக் நான்தான் போடுவேன்" என்றார். மறுநாள் காலை இருவருமாக மருத்துவமனைக்குப் போய், மூன்று நாள் விட்டுப்போனதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு வந்தார்கள். அன்று முதல் ஒரு கட்டமும் காலியாக இல்லை.

கூதிரில் பித்தம் மிகும். வாய்க்கசப்பு, நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் எண்ணெய்ப் பலகாரத்தைக் குறையுங்கள். தீபாவளி வருகிறதே என்கிறீர்களா? அதனால்தான் சொல்கிறேன்!

முன்பனி (மார்கழி, தை)

பறவை பார்க்க வருடத்திலேயே சிறந்த காலம் இதுதான். பூங்காவில் பழுப்புக் கீச்சான் வேலியில் உட்கார்ந்து அதட்டும். மஞ்சள் உடம்பில் கண்ணுக்கு மை தீட்டியது போல மாங்குயில் வரும். அதிர்ஷ்டம் இருந்தால் வெள்ளை ரிப்பன் போல நீண்ட வாலோடு அரசவால் ஈப்பிடிப்பான் தென்படும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சற்றுத் தொலைவும் போகலாம். பள்ளிக்கரணையிலிருந்து துரைப்பாக்கம் செல்லும் ரேடியல் சாலையோரம் நின்றாலே போதும். 2022ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பூநாரைகளையும் ஊசிவால் வாத்துகளையும் காணலாம். அதே ஆண்டு அந்தப் பட்டியலில் சேர்ந்த வேடந்தாங்கலில் கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் கூடு கட்டியிருக்கும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்து, அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வருகிறார்கள்.

2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பெரியவரும் அந்தத் தையில் பேரனோடு பூங்காவில் எண்ணினார். ஒரு மணி நேரத்தில் 19 வகை! பேரன் செல்போனைத் தொடவே இல்லை என்பது அந்த அம்மாவின் தனி சந்தோஷம்.

முன்பனியில் பசி நன்றாக இருக்கும். உளுந்து, எள், நெய் உடம்பில் சேரும். மார்கழிக் காலையில் காதையும் தலையையும் மூடிக்கொண்டு, வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள்.

பின்பனி (மாசி, பங்குனி)

மாசியில் ஆறு மாதம் முடிந்தது. மறுபடி சளிப் பரிசோதனை. கிருமி இல்லை! காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே பூங்காவுக்கே வந்துவிட்டார். எங்கோ 'டொக்... டொக்... டொக்' என்று சத்தம். செம்மார்புக் குக்குறுவான். செம்புப் பாத்திரம் தட்டுவது போலவே இருக்கும். கோடை வருகிறது என்று அறிவிப்பது அதுதான்.

அதைத் தேடிக்கொண்டு புதர்ப் பக்கம் போனபோது வேறொரு குரல். 'ஊப்... ஊப்... ஊப்...' அடிவயிற்றிலிருந்து வருவது போல. சற்று நேரத்தில் புதரிலிருந்து காக்கை அளவில் ஒரு பறவை நடந்து வந்தது. கருத்த உடல், செங்கல் நிறச் சிறகு, ரத்தச் சிவப்புக் கண். அதன் அலகில் ஒரு நத்தை.

குயில் இனத்தைச் சேர்ந்ததானாலும் இது அடுத்தவர் கூட்டில் முட்டையிடாது. தானே கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும். தோட்டத்துப் பூச்சிகளையும் நத்தைகளையும் தின்று நமக்கு உதவும்.

பெரியவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக, "இதையா டாக்டர் நான் கேட்டேன்?" என்றார். நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே 'செம்போத்து' என்று மட்டும் எழுதினார்.

பின்பனியில் கபம் சேரும். இரவில் தயிரைத் தவிர்த்து, தூதுவளை ரசம், மிளகு சேர்த்துக்கொள்ளலாம்.

இளவேனில், முதுவேனில் (சித்திரை முதல் ஆடி வரை)

மருந்து முடிந்தும் அவர் நோட்டை விடவில்லை. சித்திரையில் குயில் கூவும். 'குக்கூ' என்று உரக்கக் கூவுவது கறுத்த ஆண் குயில். பழுப்பில் வெள்ளைப் புள்ளியோடு இருப்பது பெண். அது காக்கைக் கூட்டில் முட்டையிடும். சேர்ந்த கபம் இளவேனிலில் மிகுந்து, முதுவேனிலில் அடங்கும். சித்திரை, வைகாசியில் சளித் தொல்லை உள்ளவர்கள் வெயிலில் வந்ததும் ஐஸ் தண்ணீர் குடிப்பதை விடுங்கள். பானைத் தண்ணீர் போதும்.

ஆனி, ஆடியில் பனைமரங்களில் தூக்கணாங்குருவிக் கூடுகள் காற்றில் ஆடும். கூட்டைப் பின்னுவது ஆண். பிடித்திருந்தால்தான் பெண் குடிவரும்! மொட்டை மாடியில் ஒரு மண் சட்டியில் பறவைகளுக்குத் தண்ணீர் வையுங்கள். கொசு முட்டையிடாமல் இருக்க, தினமும் கழுவி மாற்றுங்கள்.

நீங்கள் தொடங்க...

* சூரியன் உதித்ததிலிருந்து ஒரு மணி நேரம்தான் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் நேரம். நடைக்கும் அதுவே நல்ல நேரம்.

* பைனாகுலர் அவசியமில்லை. முதல் மாதம் காதும் கண்ணும் போதும். பத்து நிமிடம் வேகமாக நடங்கள், ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள்.

* புத்தகத்தையும் திரையையும் கிட்டத்தில் பார்த்தே பழகிய பிள்ளைகளை அழைத்துப் போங்கள். வெளி வெளிச்சத்தில் நேரம் கழிக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது.

* சர்க்கரை உள்ளவர்கள் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். புதருக்குள் கால் வைக்க வேண்டாம். சட்டைப் பையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும்.

* பறவை பார்ப்பது வேறு, பால்கனியில் புறாவுக்குத் தானியம் போட்டுக் கூட்டம் சேர்ப்பது வேறு. காய்ந்த புறா எச்சத்தின் தூசி சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை நோயை உண்டாக்கும். ஆஸ்துமா உள்ள வீடுகளில் கூடவே கூடாது. எச்சத்தைக் கழுவும்போது நனைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு கழுவுங்கள்.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2022ல் ஏறக்குறைய 1,300 பேரைக் கொண்டு வெளியிட்ட ஆய்வில், பறவையைப் பார்ப்பதும் கேட்பதும் மனநலத்தை மேம்படுத்துவதாகவும், அந்தப் பலன் எட்டு மணி நேரம் வரைகூட நீடிப்பதாகவும் கண்டார்கள். மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இது தெரிந்தது. பறவை நோயைத் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. நோயைத் தீர்த்தது மாத்திரை. அந்த மாத்திரையைக் கடைசி நாள் வரை சாப்பிட வைத்தது, நாளைக்கு என்ன பறவை வரும் என்ற ஆவல்.

உங்கள் வீட்டிலும் விட்டு விட்டுச் சாப்பிடும் பி.பி. மாத்திரை, பாதியில் நின்ற வாக்கிங் என்று ஏதாவது இருக்கும். ஒரு நோட்டு வாங்குங்கள். இரண்டு கட்டம் போடுங்கள். நாளைக் காலை முதல் கட்டத்தில் ஒரு டிக். இரண்டாவது கட்டத்தில், எதுவும் தென்படாவிட்டால், 'காகம்' என்று எழுதுங்கள். அதுவும் பறவைதானே!